ஆபரேட்டரம்மா சுவரைப் பார்த்துப் பேசிய கதை

எட்டு மாதமாக அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு காலி ஃபிரேம் தொங்கிக்கொண்டிருந்தது. தேக்கு மரம், உள்விளிம்பில் மெல்லிய பொன்னிறக் கோடு, கீறல் இல்லாத கண்ணாடி, அதற்குப் பின்னால் தந்த நிறத்தில் மவுண்ட் அட்டை. குறை ஒன்றே ஒன்றுதான். அட்டைக்கு நடுவில் எதுவும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவளோட டிகிரிக்கு. பாஸ் பண்ணிட்டா. சர்டிபிகேட் வர்றதுதான் பாக்கி" என்பார். அவர் மனைவி சரியாக அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவி வைத்த பாத்திரமாக இருந்தாலும் எடுத்துக் கழுவுவாள்.

ஏனென்றால் அவள் பாஸ் பண்ணவில்லை.

அவளை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு மேஜையும் ஒரு டெலிபோன் போர்டும் ஒரு டேபிள் ஃபேனும் மட்டும் கொள்ளும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அங்கே அவள் குரலைக் கேட்காதவர் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போனில் அவள் மகாராணி. துணைவேந்தரையே "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று நிறுத்தி வைப்பாள், அவரும் பேசாமல் நிற்பார். கத்துகிற பெற்றோர், அழுகிற மாணவர்கள், தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டு அவளையே திட்டுகிறவர்கள், எல்லோரையும் பக்குவமாகப் பேசி அவரவர் போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவாள்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் கதை வேறு. எதிரே ஒரு முகம் வந்துவிட்டால் போதும், வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்க மாட்டாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் யாராவது மணி அடிக்கட்டும் என்று காத்திருந்து, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வருவாள். கட்டின புருஷனிடம்கூட முக்கியமான விஷயம் என்றால் அவர் முதுகைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அவர் ஃபிரேம் கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க மற்றவர்களின் கல்யாணப் போட்டோவுக்கும் பட்டத்துக்கும் சட்டம் அடித்து, கண்ணாடி வெட்டி, மாட்டிக் கொடுப்பார். வீட்டில் செய்தித்தாளைக் கையில் எடுத்ததும் வேண்டுமென்றே அரைப் பக்கம் திரும்பி உட்காருவார், அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

இப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சிக்கு இத்தாலியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போன் வழியாகத்தான் வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் இத்தாலியில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கிருந்து ஒரு செயலாளர் அம்மாள் அடிக்கடி கூப்பிடுவாள். அவளுக்கு இத்தாலியம் தவிர ஒரு பாஷையும் வராது. முதல் தடவை இரண்டு பேரும் மூன்று நிமிஷம் "ஹலோ", "ஹலோ" என்றே குடும்பம் நடத்தினார்கள். ஆபரேட்டரம்மாவுக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை தன் போர்டுக்கு வந்த ஒரு அழைப்பு போய்ச் சேராமல் செத்ததில்லை. இத்தாலியத் துறையின் தலைவியை இன்டர்காமில் பிடித்து, "கொஞ்சம் லைனில் இருங்கள், துறைக்கு இணைக்கிறேன்" என்பதை இத்தாலியத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ரெஸ்தி இன் லீனேயா, பெர் ஃபவோரே. அந்த வரியை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள்.

சொன்ன வரி நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு வரி கேட்டாள். துறைத்தலைவிக்கோ அந்த வருஷம் ஒரு தலைவலி. ஒன்பது பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும், சேர்ந்தது எட்டு. "ஊழியர்களுக்கு ஃபீஸ் கிடையாது, நீங்க ஒன்பதாவதா உட்காருங்க" என்றாள். போனில் கேட்டதால் ஆபரேட்டரம்மா சரி என்றுவிட்டாள். நேரில் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்று வருஷம், காலை ஏழரைக்கு வகுப்பு, ஒன்பதுக்கு டியூட்டி. கூடப் படித்த எட்டு பேருக்கும் அவளுடைய பாதி வயசுகூட இல்லை. அவர்கள் அவளை ஸியா என்று கூப்பிட்டார்கள், இத்தாலியத்தில் அத்தை. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் எழுத்துத் தேர்வு வந்தால் அத்தைதான் முதல். கேட்டு எழுதும் தேர்வில் ஒரு பிழை இருக்காது. காதுதான் அவள் தொழிலே, எப்படி இருக்கும்?

பாஷையைவிட அந்த ஜனங்களின் பழக்கவழக்கம் அவளை அதிகமாகக் கட்டிப்போட்டது. அவர்கள் போனை எடுத்ததும் "ப்ரோந்தோ" என்பார்கள். தயார் என்று பொருள். அந்தக் காலத்தில் இணைப்புக் கொடுத்த ஆபரேட்டர்கள் சொன்ன சொல் அப்படியே ஊருக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள் எனத் துறைத்தலைவி ஒருநாள் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நாடே தன் ஜாதிக்காரர்களின் சொல்லைச் சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறது! ஆபத்து தப்பினால் "மேனோ மாலே" என்பார்கள். கெட்டது கொஞ்சம் குறைச்சல் என்று அர்த்தம். நம்முடைய அப்பாடாதான் அது, வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. அந்த ஜனங்கள் வாயால் பாதியும் கையால் பாதியும் பேசுகிறவர்கள். வகுப்பில் அதற்கென்று தனியாக ஒரு மாதம் பாடம் நடந்தது. "கை பேசணும் ஸியா, கை!" என்று துறைத்தலைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் கையோ, ஒன்று போர்டிலும் ஒன்று பென்சிலிலுமாக வாழ்ந்து பழகினது. நடுவகுப்பில் நின்று கையை ஆட்டுவது என்றால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

பேசிப் பழக மட்டும் ஒரே ஒரு ஆள் கிடைத்தார். வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இத்தாலியம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர் ஒருவர் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் துறைத்தலைவியைக் கூப்பிடுவார். பல வருஷப் பழக்கம். அவளுக்கு அவர் பெயர் "செவ்வாய்க்கிழமைக்காரர்". ஒருநாள் அவர் "ப்ரோந்தோ!" என்று விளையாட்டாகச் சொல்ல, இவள் பதிலுக்கு "ரெஸ்தி இன் லீனேயா" என்று எடுத்துவிட, மனிதர் அசந்துபோனார். அதிலிருந்து வாராவாரம் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மழை வெயில் என்று இத்தாலியத்திலேயே பேசுவார்கள். யார், என்ன, ஏன் படித்தாள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்து, கடைசியாக வைவா. இருபது நிமிஷம், வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளருக்கு எதிரே உட்கார்ந்து இத்தாலியத்தில் பேச வேண்டும். அவள் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பச்சை டை. அந்த டையில் பதினொரு கோடு இருந்ததை எண்ணி முடித்தாள். வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. ஏழு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, நீங்க போகலாம்" என்றார் டைக்காரர்.

வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "பாஸா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ம், பாஸ்" என்றாள். அவ்வளவுதான் பொய். இரண்டு சொல். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போனது. மறுவாரம் தேக்குச் சட்டம் வந்துவிட்டது. "காலியா மாட்டாதீங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். "இடம் பிடிச்சு வெச்சாத்தான் ஆள் வந்து உட்காரும்" என்றார் அவர். ஃபிரேம் கடைக்காரர்களின் தத்துவம் அது.

நான்கு மாதம் கழித்து இரண்டாவது வைவா. வீட்டுக்குத் தெரியாமல் போனாள். இந்தத் தடவை தன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. மூன்று தடவைதான் வாய்ப்பு. மூன்றாவதிலும் போனால் பட்டம் இல்லை, மூன்று வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி.

நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, மாதம் ஒரு தடவை வருவாள். வந்ததும் ஃபிரேம் முன்னால் நின்று, "ஏண்டா தம்பி, இத்தாலிக்காரன் கண்ணுக்குத் தெரியாத மையில எழுதித் தர்றானா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். தம்பியும் சிரிப்பார். எட்டாவது மாதம் அவர் சிரிக்கவில்லை. அதை அவள் சமையலறையிலிருந்து கவனித்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

மூன்றாவது வைவாவுக்கு முந்தைய நாள். பகல் பன்னிரண்டரை. வழக்கமாக அந்த நேரத்தில் தபால் பிரிவு குமாஸ்தா வந்து போர்டில் உட்காருவார், இவள் சாப்பிடப் போவாள். அன்றைக்குப் பசி இல்லை, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பது சரிதான். போர்டில் விளக்கு மினுங்கியது. எடுத்தாள்.

"வணக்கம், பல்கலைக்கழகம்."

மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "வணக்கம் மேடம். தேர்வுப் பிரிவுக்கு ஒரு கனெக்‌ஷன் குடுக்க முடியுங்களா?"

வீட்டுக்காரர்! இருபத்திரண்டு வருஷத்தில் இந்த நம்பருக்கு ஒருநாளும் கூப்பிடாத மனிதர். பேச வேண்டுமென்றால் அவள் செல்போனுக்குத்தான் போடுவார். அவளுடைய ஆபீஸ் குரல் வீட்டுக் குரலைவிடச் சற்றுத் தாழ்ந்தது, கனமானது. அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதே குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தேர்வுப் பிரிவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் காரணம் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"என்ன விஷயமா சார்?"

"என் மனைவி அங்க இத்தாலியன் படிச்சாங்க மேடம். பாஸாகி எட்டு மாசம் ஆகுது, சர்டிபிகேட் வரல. எங்கயாவது தவறிப்போச்சோன்னு ஒரு கவலை. அவங்க நேர்ல போய்க் கேக்கற ஆள் இல்ல. அதான், அவங்க சாப்பிடப் போற நேரமா பார்த்து நான் கேக்கறேன்."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்."

ஹோல்டில் போட்டாள். தேர்வுப் பிரிவு இருநூற்றுப் பதினாலு. விரல் அந்த எண்ணுக்கு மேலேயே நின்றது. இணைத்தால், அங்கே இருக்கிற குமாஸ்தா ரிஜிஸ்டரைப் புரட்டி, "அந்தம்மா ரெண்டு தடவை பெயிலுங்க" என்று போட்டு உடைத்துவிடுவார். யாரும் எடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஒருநாளும் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை. வீட்டில் சொன்ன பொய் ஒன்று போதும், போர்டையும் அசிங்கப்படுத்த வேண்டாம் என்று தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது. சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நிமிஷம் போய்விட்டது.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன் மேடம். அவசரமில்ல. மெதுவா பாருங்க."

அந்த 'மெதுவா பாருங்க'வில் அவள் உடைந்துபோனாள். முகம் இல்லை, எதிரே யாரும் இல்லை, காதில் ஒரு குரல் மட்டும். இந்த மாதிரி நேரத்தில் அவள் பேசாமல் இருந்ததே இல்லை.

"சார், நீங்க சொல்ற மாணவி இன்னும் பாஸாகல."

"ஓ."

"எழுத்துத் தேர்வு எல்லாத்துலயும் நல்ல மார்க். வைவாவுலதான் ரெண்டு தடவை பெயில். முகத்தைப் பார்த்தா அவங்களுக்குப் பேச்சு வர்றதில்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பொய் சொல்லியிருக்காங்க. நாளைக்கு மூணாவது தடவை. அதுதான் கடைசி."

மறுமுனையில் கண்ணாடி வெட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. கடையிலிருந்துதான் பேசுகிறார். "நாளைக்கு எத்தனை மணிக்குங்க?" என்றார்.

"பதினோரு மணி."

"அவங்க நல்லாப் பேசுவாங்க மேடம். சமையலறையில சுவரைப் பார்த்துக்கிட்டுத் தனியாப் பேசறதை நான் கேட்டிருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும். ஆளைப் பார்த்தாத்தான் அடைச்சுக்கும். நான் போன் பண்ணினதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சங்கடப்படுவாங்க."

"சொல்ல மாட்டேன் சார்."

"ரொம்ப நன்றிங்க மேடம்."

சாயங்காலம் அவர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலச் சாப்பிட்டார். அவள் எதிரே போகவே இல்லை. கூடத்தில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டதும், ஃபிரேமைக் கழற்றப்போகிறார் என்று பயந்து எட்டிப் பார்த்தாள். கழற்றித்தான் இருந்தார். மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய துணியால் கண்ணாடியை நாலு மூலையும் துடைத்தார். பிறகு அதே ஆணியில் திரும்ப மாட்டினார். "தூசி சேர்ந்துடுச்சு" என்றார், பொதுவாக, சுவரைப் பார்த்து.

மறுநாள் பதினோரு மணி. இரண்டாவது மாடி, பன்னிரண்டாம் எண் அறை. நீள மேஜை, அதன் ஓரத்தில் துறைத்தலைவி, நடுவில் வெளியூர்த் தேர்வாளர். குள்ளமான மனிதர், தடித்த கண்ணாடி. இந்தத் தடவை டை இல்லை, எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். தேர்வாளர் கோப்பைத் திறந்து, இத்தாலியத்தில், "காலை வணக்கம் அம்மா, சௌகரியமா உட்காருங்க" என்றார்.

அந்தக் குரல்! செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

மூளை யோசிப்பதற்குள் வாய் தன் வேலையைப் பார்த்துவிட்டது. அசல் ஆபீஸ் குரலில், கணீரென்று, "ரெஸ்தி இன் லீனேயா, பெர் ஃபவோரே, துறைக்கு இணைக்கிறேன்" என்று சுத்தமான இத்தாலியத்தில் சொல்லிவிட்டாள்.

தேர்வாளர் எந்த லைனில் இருப்பார்? எந்தத் துறைக்கு இணைப்பது? துறையே எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறது. துறைத்தலைவி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஆபரேட்டரம்மாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. இத்தோடு முடிந்தது, ஃபிரேமில் நாத்தனார் படத்தை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தேர்வாளர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குரல் நீங்களா?" என்றார், தமிழில். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நிமிர்ந்தார். "இதோ பாருங்கம்மா. தெரிஞ்ச குரலாச்சேன்னு ஒரு மார்க்கூட அதிகமாப் போட மாட்டேன். நான் இங்க தேர்வாளர்."

அவள் தலையாட்டினாள். வாய் மறுபடி அடைக்கத் தொடங்கியது. அப்போது, நேற்றைக்குக் காதில் விழுந்தது ஞாபகத்துக்கு வந்தது. சுவரைப் பார்த்துக்கிட்டு. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இத்தாலியத்தில் கேட்டாள்: "ஐயா, நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா?"

துறைத்தலைவி வாயைத் திறந்தாள். தேர்வாளர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "முகத்தைப் பார்த்துப் பேசணும்னு விதியில எழுதியிருக்கா? இல்லையே. திருப்பிக்கட்டும்."

திருப்பிப் போட்டாள். வெள்ளைச் சுவர், அதில் சுண்ணாம்பு பெயர்ந்து கையகலத்துக்கு ஒரு திட்டு. முதுகுக்குப் பின்னால் குரல், "ப்ரோந்தோ" என்றது. அவளும் "ப்ரோந்தோ" என்றாள். அப்புறம் யாரும் அவளை நிறுத்த முடியவில்லை. அந்தச் சொல்லின் கதையிலிருந்தே ஆரம்பித்தாள். அங்கே மத்தியானம் கடைகளை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்களே, அதைச் சொன்னாள். சாயங்காலமானால் ஊர் முழுக்க நன்றாக உடுத்திக்கொண்டு, வேலை எதுவும் இல்லாமல், ஒரே தெருவில் மேலும் கீழும் நடக்கிற வழக்கத்தைச் சொன்னாள். மற்றவர்களைப் பார்க்கவும், தங்களைக் காட்டவும்தான் அந்த நடை. "படித்தபோது முதலில் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன்" என்றாள். "பிறகு பொறாமையாக இருந்தது. என்னால் ஒருநாளும் முடியாத காரியம் அது."

பின்னால் பேனா எழுதுகிற சத்தம் நின்றது. தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "சரி. கடைசிக் கேள்வி. ஒருத்தர்கிட்ட, 'என்னதான் வேணும் உனக்கு?'ன்னு அவங்க கையால எப்படிக் கேப்பாங்க?"

பாவி மனுஷன், வேண்டுமென்றேதான் கேட்டார். கையால் கேட்பதைச் சுவருக்குக் காட்டி என்ன பிரயோஜனம்? முதுகு வழியாக யாருக்குத் தெரியும்? அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுண்ணாம்புத் திட்டைப் பார்த்தாள். இத்தனை தூரம் வந்தாயிற்று. இருபது நிமிஷமாகத் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்ததில் உடம்பில் ஏதோ ஒரு தைரியம் ஏறியிருந்தது. அது இறங்குவதற்குள் செய்துவிட வேண்டும். எழுந்தாள், நாற்காலியோடு திரும்பினாள். வலது கையின் ஐந்து விரல் நுனியையும் ஒன்றாகக் குவித்து, தேர்வாளரின் மூக்குக்கு நேரே நீட்டி, மேலும் கீழும் ஆட்டினாள். "என்னதான் ஐயா வேண்டும் உங்களுக்கு?" என்றாள், இத்தாலியத்தில், அவர் கண்ணைப் பார்த்து. அது பாடத்துக்காகக் கேட்டது இல்லை. நிஜமான கோபம்.

தேர்வாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். துறைத்தலைவிக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. அதற்கப்புறமும் ஐந்து நிமிஷம் பேசினார்கள், நேருக்கு நேராகவே. பாதியில்தான் கவனித்தாள், இடது கையும் மேலே வந்து கூடவே பேசிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் பத்து நிமிஷம் காத்திருந்தாள். துறைத்தலைவி வெளியே வந்தாள்.

"ஸியா, பாஸ். அறுபத்தெட்டு மார்க். எழுபது போட்டு, ரெண்டு குறைச்சிருக்கார். ஏன்னு கேட்டேன். 'ஆரம்பத்திலேயே தேர்வாளரை லைன்ல காக்க வெச்சாங்க'ன்னார்."

"மேனோ மாலே" என்றாள் அவள். அப்புறம் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா, அப்பாடா என்று நாலு தடவை தமிழிலும் சொன்னாள், ஒரு பாஷை போதவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

பாதிதான் போயிருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. மீதி பாதி ஃபிரேம் கடையில் இருக்கிறது. போர்டிலிருந்து ஒரு போன் போட்டால் போதும், நேற்றைய மேடம் மாதிரியே சொல்லிவிடலாம். கை அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. வேண்டாம் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னால் தானே மணியை அடித்தாள்.

கடை வாசலில் சட்டக் கட்டைகள் உயரவாரியாகச் சாய்ந்திருந்தன. வீட்டுக்காரர் பெரிய கண்ணாடி ஒன்றை மேஜையில் விரித்து, அளவுகோலை வைத்து, கட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல அரைப் பக்கம் திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க" என்றாள். "இப்படியே இருங்க."

அவர் அப்படியே நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்ததும், நெற்றியில் மரத்தூள் ஒட்டியிருந்ததும் தெரிந்தது.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னைக்கு நான் பாஸாகல. ரெண்டு தடவை பெயில். எட்டு மாசமா அந்த ஃபிரேமைப் பார்க்கறப்ப எல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சேன். இன்னைக்குத்தான் பாஸானேன். அறுபத்தெட்டு." மூச்சு வாங்கியது. "மன்னிச்சுக்குங்க."

அவர் கட்டரைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார்.

"தெரியும்" என்றார். "நேத்து யூனிவர்சிட்டிக்குப் போன் பண்ணினேன். ஒரு மேடம் எல்லாத்தையும் சொன்னாங்க."

"யாரு?"

"பேர் கேட்டுக்கல. நல்ல மேடம். கொஞ்ச நேரம் லைன்ல காக்க வெச்சாங்க, ஆனா உண்மையை மறைக்காம சொன்னாங்க." அளவுகோலை எடுத்து ஓரமாக வைத்தார். "வணக்கம்னு அவங்க சொன்னதுமே, இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கோமேன்னு தோணுச்சு. போனை வெச்சுடலாமான்னுகூடப் பார்த்தேன். வெச்சிருந்தா அவங்க சொல்ல வந்ததைச் சொல்லாமலே போயிருப்பாங்க."

அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அடக்க முடியவில்லை.

"அவங்களை ஒரு நாளாவது நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்" என்றார்.

"பாருங்களேன்" என்று அவள் நிமிர்ந்து நின்றாள். தலையைக் குனியவில்லை.